ரோமானிய நாணயத்துக்குப் பட்டியல் எண் குறிப்பது எப்படி?

பழைய உறை ஒன்றில் "ஆர்.ஐ.சி. 3" என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது எந்த நாணயம் என்று அதைக் கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆர்.ஐ.சி. என்பது ரோமப் பேரரசின் நாணயங்களைத் தொகுத்த, பத்து எண்ணிட்ட தொகுதிகளாக அமைந்த 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்'. அதன் முதல் தொகுதியில் ஒவ்வொரு பேரரசருக்கும் எண்வரிசை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: பட்டியலைத் திறக்கும் முன் நாணயத்தைப் பதிவு செய்யுங்கள். உலோகம், எடை, விட்டம் ஆகியவற்றோடு இரு பக்கப் பொறிப்புகளையும் எழுத்துக்கு எழுத்து குறியுங்கள். தேய்ந்த எழுத்துகளை ஊகித்து நிரப்பினால் அவற்றைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். எண் தவறினாலும் இந்த விவரிப்பு நாணயத்தைக் காப்பாற்றும் என்பதால், இதில் அவசரம் கூடாது.

இரண்டாம் படி: உரிய பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். குடியரசுக் கால நாணயத்துக்கு 1974-இல் வெளிவந்த கிராஃபோர்டின் 'ரோமன் ரிபப்ளிகன் காயினேஜ்', பேரரசின் நாணயத்துக்கு ஆர்.ஐ.சி., ரோம ஆட்சியின் கீழ் இருந்த மாகாண நகரங்கள் வெளியிட்டவற்றுக்கு 'ரோமன் புரொவின்ஷியல் காயினேஜ்'.

மூன்றாம் படி: ஒப்பிடுங்கள். பேரரசர் திபேரியஸின் டெனாரியஸ் என்னும் வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருப்பாள். அவளது இருக்கையின் கால்கள் வேலைப்பாடு அற்றவை என்றால் எண் 26. வேலைப்பாடு உடையவை என்றால், அடியில் உள்ள கோடு முதலியவற்றையும் பார்த்து 28 அல்லது 30 என்று முடிவு செய்ய வேண்டும். ஆகவே உருப்பெருக்கி இல்லாமல் எண் எழுத வேண்டாம்.

நான்காம் படி: முழுமையாக எழுதுங்கள்: "ஆர்.ஐ.சி. 1 (இரண்டாம் பதிப்பு, 1984), திபேரியஸ் 30". தொகுதி, பதிப்பு, பேரரசர், எண் என்னும் நான்கில் ஒன்றும் குறையக் கூடாது. இவற்றுள் தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது பதிப்பைத்தான். 1923-இல் வந்த முதல் பதிப்பில் இதே நாணய வகையின் எண் 3. அவ்வாறே, பேரர்கள் கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கும், பேரரசர் அகஸ்டஸின் டெனாரியஸ், பழைய பதிப்பில் 350, புதியதில் 207. இந்த இரு வகைகளும் கொங்குப் பகுதிப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்தவை. 1984-க்கு முந்தைய அறிக்கைகளில் உள்ள ஆர்.ஐ.சி. எண்களை நம் பதிவேட்டில் அப்படியே படியெடுத்தால், ஒரே நாணய வகை இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஐந்தாம் படி: எந்த எண்ணும் முழுமையாகப் பொருந்தவில்லை என்றால், மிக நெருங்கிய எண்ணுக்கு முன் "ஒப்பிடுக" என்று இட்டு, வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லுங்கள். பொருந்தாத எண்ணை வலிந்து ஏற்றுவதைவிட இதுவே நேர்மையான பதிவு.

பழைய உறையை எறிந்துவிடாமல், அதில் இருந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் தனியே எழுதி வையுங்கள்.