கியர் பெட்டிக்கு எத்தனை லிட்டர் எண்ணெய்?

பட்டறையில் எட்டு லிட்டர் கியர் எண்ணெய்க்கு மதிப்பீடு போட்டுக் கொடுத்தார்கள். என் ஆட்டோமேட்டிக் செடானின் கையேட்டிலும் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய அதுதான். ஆனால் அது பெட்டியைப் பிரித்துக் கோக்கும்போது ஊற்றும் அளவு. சாதாரண சர்வீஸில் அடிப்போல்ட்டைக் கழற்றினால் பாதிகூட வராது. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) எண்ணெயை ஆறவைக்கும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கையேடு சொன்ன ரகத்தில் 4 லிட்டர் வாங்கிக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். "வடிந்ததை அளந்துவிடலாம் சார், அவ்வளவுதான் கணக்கு" என்றார். கோடு போட்ட ஜாடியில் மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் கீழே நின்றது, கருப்பட்டிப் பாகின் நிறத்தில். அதே அளவு புதியதை ஊற்றினோம்.

இந்தப் பெட்டியில் அளவுக்கம்பி கிடையாது, அதுதான் தலைவலி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, எண்ணெய் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது மட்டப் போல்ட்டை (சரியான மட்டத்துக்கு மேல் உள்ள எண்ணெய் வழிந்து வெளியேறும் துளையின் போல்ட்) திறக்க வேண்டும். தாரை மெலிந்து சொட்டானால் மட்டம் சரி. அதற்கு மேல் சூடேறினால் எண்ணெய் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், ஆறியதும் பற்றாக்குறை. சென்னை மே வெயிலில் நின்ற வண்டியில் இது ஆகாத காரியம். விடியற்காலையிலேயே தொடங்கினோம்.

கியர் மாறும்போது இருந்த உதறல் போய்விட்டது. உள்ளே பழையது பாதிக்கு மேல் கலந்திருப்பதால் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மீண்டும் மாற்றப்போகிறேன். மேனுவல் கியர் கார் வைத்திருக்கும் மச்சானுக்குச் சுமார் 2 லிட்டரோடு வேலை முடிந்துவிடுகிறது.