வயலின் பழகும் பிள்ளைக்கு எந்த மெற்றோனோம்?

பாட்டுப் பழகும் பிள்ளை கையால் தாளம் போட்டுக்கொள்ளும். வயலின் பிள்ளைக்கு இரண்டு கையும் வேலையில். மிஞ்சுவது கால்தான். என் மகளின் காலோ, வில் வேகமெடுத்தால் தானும் சேர்ந்து ஓடும். விஜயதசமிக்கு வகுப்பில் சேர்த்த ஆறாம் மாதமே, வைத்த வேகத்தில் சீராகத் தட்டித் தரும் மெற்றோனோம் கருவியைத் தேடத் தொடங்கியது அதனால்தான். சுருதி சேர்ப்பதெல்லாம் ரீச்சர் சொல்லித் தந்திருப்பார், அதை விடுகிறேன்.

முதலில் காசு செலவழிக்காதீர்கள். செல்போனில் இலவசச் செயலி ஒன்றை இறக்கி இரண்டு கிழமை ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மகள் சரளி வரிசை என்ற தொடக்கச் சுரப் பயிற்சியின் நடுவில் கார்ட்டூனுக்குத் தாவியதால் தனிக் கருவி வாங்கினேன்.

ஊசல் ஆடும் மரக்கூடு பார்க்க அழகு. ஆனால் மேசை சரிந்திருந்தால் தட்டு நொண்டும். இத்தனை தட்டுக்கு ஒருமுறை என்று மணி அடிப்பவற்றிலும் பெரும்பாலும் 2, 3, 4, 6 தான் உண்டு. மிஸ்ர சாபு என்ற தாளத்தின் 7க்கு வழியில்லை. என் தெரிவு சின்ன டிஜிட்டல் கருவி. கடையில் சத்தத்தை வைத்து ஏமாறாதீர்கள், வயலின் வாசிக்கும்போது பாதிதான் காதில் விழும். பட்டன் பற்றரி வேண்டாம், ரிமோட்டுக்குப் போடும் பற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அடுத்து வேகம் வைப்பது. நான் சறுக்கியது இங்கேதான். காலம் என்றால் வாசிக்கும் வேகத்தின் படி. முதலாம் காலத்துக்கு நிமிடத்துக்கு 72 தட்டு வைத்தேன். இரண்டாம் காலம் வந்ததும் 144க்குத் திருப்பினேன். ரீச்சர் கேட்டுவிட்டு, "ஏன் தாளத்தை ஓட விடுறியள்? சுரத்தையல்லோ கூட்ட வேணும்" என்றார். தட்டு ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கை. அது மாறவே கூடாது. ஒரு தட்டுக்கு முதலாம் காலத்தில் 1 சுரம், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4. ஆதி தாளத்தின் 8 அட்சரத்துக்குள் மூன்றாம் காலத்தில் 32 சுரம் விழவேண்டும். 60 வைத்தாலே செக்கனுக்கு 4 சுரம், சின்ன விரல் தாங்காது.

ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். மூன்றாம் காலத்தைப் பிசிறில்லாமல் வாசிக்கும் எண்ணைக் கண்டுபிடித்து, மூன்று காலத்துக்கும் அதையே வையுங்கள். மகளுக்கு அது 44. அப்புறம் புதுத் தலையிடி: முதலாம் காலத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் இடையே இடைவெளி நீண்டு, பிள்ளை முந்திவிடும். அதற்கு, ஒரு தட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் மெல்லிய சத்தம் தரும் வசதி வேண்டும். வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மணியை நான் நிறுத்திவிட்டேன். ஆதி தாளத்தில் முதல் 4 அட்சரம் லகு, பிறகு இரண்டிரண்டாக இரண்டு துருதம். மணியை 4இல் வைத்தால் லகுவின் தொடக்கத்திலும் மணி, முதல் துருதத்திலும் மணி. எது சமம், அதாவது தாளச் சுற்றின் தொடக்கம், என்று தெரியாமல் மகள் பாதி ஆவர்த்தனத்தில் (பாதிச் சுற்றில்) எடுத்துவிடுவாள்.

பின்சேர்க்கை: செயலியைப் புளூரூத் ஸ்பீக்கரில் போட்டால் லைட் முதலும் சத்தம் பிறகுமாக வருகிறது என்று ஒரு தாய் எழுதியிருந்தார். செயலியில் பிழையில்லை, புளூரூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.