மேடைப் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள்

இசை நிகழ்ச்சிப் படங்களைத் இணையதளத்தில் ஏற்றும் முன், நீளமான பக்கத்தை 2048 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் (JPEG) கோப்பாகத் தரம் 80-ல், இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ண முறையில் சேமியுங்கள். 24 மெகாபிக்சல் படம் என்பது சுமார் 6000-க்கு 4000 பிக்சல். அத்தனையும் பெரும்பாலான திரைகளில் தெரியப்போவதில்லை, இணையப் பக்கம் திறக்கத்தான் நேரமாகும். மேடைப் படங்களுக்கு இதில் இன்னொரு லாபம். வெளிச்சம் குறைவு என்று கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400-க்கு உயர்த்தி எடுத்தால் பாடகருக்குப் பின்னால் இருக்கும் இருட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். கோப்பின் அளவைக் கூட்டுவதில் அந்தப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து அவை அடங்கிவிடும். எஸ்ஆர்ஜிபியை மட்டும் மறக்காதீர்கள். வேறு வண்ண முறையில் சேமித்த படம் சில இடங்களில் நிறம் மங்கித் தெரியலாம், அழகான ஊதா விளக்கு வெளிறிப்போனால் மனசு கேட்காது. அச்சுக்குக் கொடுக்கும் படங்களுக்கு இது வேண்டாம். அவற்றுக்கு முழு அளவுக் கோப்புதான் சரி.