குளோரின் டன்னர் கொட்டகையை ஆய்வு செய்வது எப்படி?

குளோரின் பயன்படுத்தும் ஆலைக்கு ஆய்வாளர் போனால், முதலில் அலுவலக அறையில் உட்கார வைத்துக் கோப்புகளைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். கோப்புகள் மதியம் வரை காத்திருக்கட்டும். நேரே டன்னர் கொட்டகைக்குப் போங்கள். டன்னர் என்பது திரவக் குளோரின் அடைத்துப் படுக்க வைத்த பெரிய இரும்பு உருளை. காலையில் கண்ணால் பார்த்ததை மதியம் காகிதத்தோடு ஒப்பிட்டால்தான் ஓட்டை தெரியும். ஆலையின் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர்களும் இதே வரிசையில் சோதிக்கலாம்.

முதல் வேலை, எண்ணுவது. ஒரு டன்னரில் 900 கிலோ குளோரின் இருக்கும். 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகளில் குளோரினுக்கான முதல் வரம்பு 10 டன், அடுத்தது 25 டன். 11 டன்னர் என்றால் 9.9 டன், பன்னிரண்டாவது வந்துவிட்டால் வரம்பு தாண்டிவிட்டது. அதன் பிறகு இடம் குறித்த அறிவிப்பு, ஆலைக்குள்ளான அவசரகாலத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒரு மாக் டிரில் (அவசரகால ஒத்திகை) எல்லாம் கட்டாயம். 28 டன்னர் சேர்ந்தால் பாதுகாப்பு அறிக்கையும், ஆலையோடு தொடர்பில்லாத நிபுணரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கையும் வேண்டும். அதனால்தான் பல இடங்களில் பதிவேட்டில் எண்ணிக்கை பதினொன்றிலேயே நிற்கிறது. கேட் ரிஜிஸ்டரையும் எடைமேடைச் சீட்டுகளையும் தேதிவாரியாக வைத்து, எந்த நாளில் அதிகபட்சம் எத்தனை உள்ளே இருந்தன என்று பாருங்கள். அதே நிர்வாகத்துக்கு 500 மீட்டருக்குள் இன்னொரு கிடங்கு இருந்தால் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எண்ணிக்கொண்டே ஒவ்வொரு டன்னரையும் பாருங்கள். இரண்டு வால்வுகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். வாயு எடுக்கும் இணைப்பு கீழ் வால்வில் மாட்டியிருந்தால் குழாய்க்குள் திரவக் குளோரின் போகும். பக்கத்தில் வெந்நீர்க் குழாயோ நீராவி ஹோஸோ கிடந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். வாயு வேகமாக வரட்டும் என்று டன்னரைச் சூடாக்கும் பழக்கம் அங்கே இருக்கக்கூடும். டன்னரின் ஃபியூசிபிள் பிளக் (சூடேறினால் உருகி வாயுவை வெளியே விடும் உலோக அடைப்பு) 70 முதல் 74 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கசிவு சந்தேகம் வந்தால் அமோனியாக் கரைசலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி வால்வருகே காட்டுங்கள், வெண்புகை எழும். துணி வால்வில் படக்கூடாது, அமோனியா பித்தளையை அரிக்கும். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. ஈரத்தோடு சேர்ந்த குளோரின் இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ஸ்க்ரப்பர். கசியும் குளோரினை இழுத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் விழுங்க வைக்கும் சாதனம் இது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்க வேண்டிய எரிகோபுரத்தின் இணைப்புக் குழாய் கழற்றப்பட்டிருந்தது. சாதனம் ஆலையில் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

ஒரு கிலோ குளோரினை விழுங்கச் சுமார் 1.13 கிலோ காஸ்டிக் வேண்டும். ஒரு முழு டன்னருக்கு ஏறத்தாழ 1,015 கிலோ. 10 சதவீதக் கரைசலாகச் சொன்னால் பத்து டன்னுக்கு மேல். தொட்டியில் 3 டன் கரைசல்தான் இருக்கிறது என்றால் முழு டன்னர் திறந்துகொள்ளும் நாளில் அது போதாது. செறிவை லாக் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். சுற்றோட்டக் குழாயிலிருந்து உங்கள் முன்னால் மாதிரி எடுத்து டைட்ரேஷன் (செறிவை அளக்கும் வேதிச் சோதனை) செய்யச் சொல்லுங்கள். பழைய கரைசலில் உள்ள ஹைப்போகுளோரைட் நிறங்காட்டியை வெளுத்துவிடும். முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு அதைப் போக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவால் காஸ்டிக்கின் ஒரு பகுதி கார்பனேட்டாக மாறியிருக்கும். பேரியம் குளோரைடு சேர்த்து அதைப் படியவைக்காமல் அளந்தால் செறிவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது மின்வெட்டுச் சோதனை. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, குளோரின் இணைப்புகளை மூடிய பிறகு பிரதான மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஜெனரேட்டரில் ஸ்க்ரப்பருக்கு வாயுவை இழுக்கும் ப்ளோயரும் கரைசலைச் சுற்றவிடும் பம்பும் ஓடத் தொடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுங்கள். விளக்குகள் எரிந்து, ப்ளோயர் நின்றே கிடந்தால் அது ஜெனரேட்டரில் இணைக்கப்படவில்லை.

கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் தரைக்கு அருகே, சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மூச்சுக்கருவி பூட்டிய அறைக்குள் இருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

நோட்டீஸ் எழுதும்போது "ஸ்க்ரப்பர் திருப்திகரமாக இல்லை" என்று எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது. இப்படி எழுதுங்கள்: "காலை 10.40க்கு எடுத்த மாதிரியில் காஸ்டிக் 4 சதவீதம். தொட்டியில் 3 டன் கரைசல். இது சுமார் 106 கிலோ குளோரினுக்கே போதும். அப்போது கொட்டகையில் நிரம்பிய டன்னர்கள் 14." அதன் கீழே மீறப்பட்ட விதி, செய்ய வேண்டியது, கெடு தேதி. மாதிரிப் புட்டியில் முத்திரை வைத்து, ஆலைத் தரப்பின் கையொப்பமும் வாங்குங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் வந்திருக்கிறது. தொகையை முடிவு செய்பவர் முன் உங்களிடம் இருக்கப்போவது இந்த எண்களும் நேரங்களும்தான்.

கெடு முடிந்ததும் "சரிசெய்துவிட்டோம்" என்ற கடிதமும் புகைப்படமும் வரும். அவற்றை வைத்துக் கோப்பை மூடாதீர்கள். திரும்பப் போய் டன்னர்களை எண்ணி, காஸ்டிக் மாதிரி எடுத்து, மின்சாரத்தை மறுபடி நிறுத்திப் பாருங்கள். ப்ளோயர் ஓடினால் நோட்டீஸில் அந்த வரிக்கு எதிரே கையெழுத்துப் போடலாம்.