ஆட்டுக்கால் சூப்பு: கடையிலும் வீட்டிலும் நாம் செய்யும் தவறுகள்

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி நனைக்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. வானம் இருட்டினால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கால்கள் தானாகச் சூப்புக் கடைப் பக்கம் திரும்பும்.

அங்கே செய்யும் முதல் தவறு, எதுவும் கேட்காமல் வாங்குவது. "அண்ணாச்சி, சூப்பு எப்ப அடுப்புல ஏத்துனது?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், மதியமே ஏற்றியதைப் பெருமையாகச் சொல்வார். எலும்பிலிருந்து இறங்கிய சூப்பு மெல்லிசாகத்தான் ஓடும், ஆனால் ஆற ஆற உதட்டில் பிசுக்கென்று ஒட்டும். கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருந்தால் அது சோளமாவு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் நாம் காசு கொடுத்தது அதற்கல்ல.

மீன் சாப்பாட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. சின்னமுட்டம் இருக்கிற கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் நெய்மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததுதான் இலைக்கு வரும். வள்ளத்தில், அதாவது சின்ன நாட்டுப் படகில் வந்த சாளையோ (மத்தி) நெத்திலியோ இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

பார்சல் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு கடையில் சூப்பு வாங்கினேன். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்தபோது நல்லமிளகு வாசனைக்கு முன்னால் பிளாஸ்டிக் வாசனை வந்தது. பிள்ளை ஒரு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து தூக்குவாளி இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். இங்கே எல்லாத் தவறும் அவசரத்தில் பிறப்பவை. ஆட்டுக்காலை நன்றாக வாட்டி, சுரண்டிக் கழுவியதும் நேரே கொதிநீரில் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் அழுக்கு நுரையாக மேலே வரும், கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். நுரை அடங்கிய பிறகே மஞ்சள், இஞ்சி, தட்டிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்). குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரமாவது விடுங்கள். எலும்பிலும் சவ்விலும் இருக்கிற பசை மெதுவாகத்தான் கரையும், பெருந்தீயில் தண்ணீர்தான் வற்றும்.

உப்பை முதலிலேயே முழுதாகப் போடுவது இன்னொரு தவறு. சூப்பு வற்ற வற்றக் கரிக்கும். நல்லமிளகைப் பொடித்து டப்பாவில் வைத்திருந்தால் வாசனை பாதி போயிருக்கும், இறக்கும் நேரத்தில் இடித்துப் போடுங்கள். கிராம்பு ஒன்றே ஒன்று. நம் மலைக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதன் எண்ணெய்ச் சத்துக்காகவும்தான். நான்கைந்து போட்டால் சூப்பு பல்வலி மருந்து மாதிரி மணக்கும்.

மிச்சத்தை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விடாதீர்கள். சின்னப் பாத்திரங்களில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் திறந்தால் அல்வா மாதிரி ஆடிக்கொண்டு உறைந்திருக்கும். கெட்டுப்போச்சு என்று அதைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். கெடவில்லை, கரைந்த பசைதான் குளிரில் இறுகியிருக்கிறது. மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து, இரண்டு மிளகு இடித்துப் போட்டுக் குடியுங்கள்.