கறுத்த திரையும் அப்பாவின் ரப்பர் கணக்கும்

குலசேகரத்தில் அப்பா ரப்பர் ஷீட் கணக்கு எழுதும் பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. ஒருநாள் திரை கறுத்து, வலது கீழ் மூலையில் ‘இந்தப் பிரதி அசல் அல்ல’ என்ற ஆங்கில வரி வந்தது. தெரிந்தவர் கொடுத்த ஆக்டிவேட்டரை, அதாவது திருட்டுப் பிரதியை அசல்போல் காட்டும் மென்பொருளை, ஓட்டினேன். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வரி மறைந்தது, மறுநாள் பிரவுசர் தானாகவே விளம்பரப் பக்கங்களைத் திறந்தது. பதறிவிட்டேன்.

முதலில் கைபேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றினேன். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, கணக்குக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தேன். பிறகு ஹார்டு டிஸ்க்கை முழுவதும் அழித்து மின்டையே நிறுவினேன். இலவசம், ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டதால், திரும்ப அதைப் போட மனம் வரவில்லை. எக்செலுக்கு மாற்றாக உதவும் இலவச லிப்ரே ஆபிஸில் அப்பாவின் எக்செல் கோப்பு அப்படியே திறந்தது. ஷீட் எடைக் கூட்டல்கூட மாறவில்லை.