முட்டை ஓட்டுப் பொம்மையும் மிதக்கும் கொழுக்கட்டையும்: சித்திரை விடுமுறைக்கு இரண்டு வேலைகள்

ரங்கூனில் ஏப்ரல் மாதம் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது லேசான காரியம் இல்லை. பள்ளிக்கூடம் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும், நடுப்பகலில் கரண்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். போனைக் கொடுத்து உட்கார வைக்கலாம், ஆனால் சார்ஜ் தீர்ந்ததும் மறுபடி "அம்மா, போரடிக்குது" என்று வந்து நிற்பார்கள்.

நமக்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 13 வாக்கில் இங்கே திஞ்சான், அதாவது தண்ணீர்த் திருவிழா தொடங்கும். நமக்கு 14-ஆம் தேதி சித்திரை முதல் நாள். இரண்டும் ஒட்டி வருவது தற்செயல் இல்லை. திஞ்சான் என்ற சொல்லே சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை அவர்கள் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிறார்கள், நாம் மாங்காய்ப் பச்சடி கிளறிக் கொண்டாடுகிறோம். அதனால் வீட்டில் செய்வதற்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

கீழே உள்ள இரண்டும் பர்மியச் சமாச்சாரங்கள்தான். ஆனால் செய்து பார்த்தால் ஒன்று தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி இருக்கும், இன்னொன்று கொழுக்கட்டை மாதிரி இருக்கும். பொம்மை காய்வதற்கு நாள் வேண்டும், ஆகவே 10-ஆம் தேதியே அதைத் தொடங்கிவிடுங்கள். பலகாரம் அன்றைக்கு அன்றே.

பொம்மை

ரங்கூனின் பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோனின் படிக்கட்டுக் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: சிவப்பு வண்ணத்தில் முட்டை வடிவப் பொம்மை, கை கால் கிடையாது, முகம் மட்டும். பக்கத்திலேயே ஜோடி ஜோடியாகத் தங்க நிற ஆந்தைகள் இருக்கும். அந்த முட்டைப் பொம்மையின் பெயர் பியிட்டைங்டவுங். எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் எழுந்து நிற்பது என்று பொருள். எங்கள் அப்பாயி இதைக் கடைசிவரை "தலையாட்டி" என்றேதான் சொன்னார். தஞ்சாவூர்க்காரர், வேறு எப்படிச் சொல்வார்?

தேவையானவை கொஞ்சம்தான்: முட்டை, ஒரு மேசைக்கரண்டி காய்ந்த மணல், ஒரு மெழுகுவத்தி, மைதா, பழைய செய்தித்தாள், ஒரு வெள்ளைத்தாள், போஸ்டர் கலர். ஆளுக்கு ஒரு முட்டை என்றால், உடைவதற்கென்று இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உடையும்.

முட்டையின் கூரான முனையில் கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் ஊற்றி ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டை சோப்புத் தண்ணீரில் உள்ளும் வெளியும் கழுவி வெயிலில் காய வையுங்கள். கழுவாமல் விட்டால் நாற்றம் வரும். பச்சை முட்டை பட்ட கையைப் பிள்ளைகள் வாயில் வைத்தால் வயிற்றுக்கும் ஆகாது.

அடுத்தது எடை போடுவது. பொம்மையின் உயிரே இதில்தான் இருக்கிறது. காய்ந்த ஓட்டைத் துளை மேலே இருக்கும்படி ஒரு சின்னக் கோப்பையின் வாயில் நிறுத்துங்கள். டீக்கடையில் வெறும் தேநீர் குடிக்கக் கொடுக்கிற குட்டிக் கோப்பை சரியாகப் பொருந்தும். ஓடு நேராக நிற்கிறதா என்று கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். பிறகு மணலை உள்ளே போட்டு, அதன் மேல் மெழுகை உருகவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். மெழுகு இறுகும் வரை கோப்பையை யாரும் தொடக் கூடாது. முதல் தடவை என் மகன் நடுவில் ஆட்டிவிட்டான். அந்தப் பொம்மை இன்னமும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர் போல.

இறுகியதும் தரையில் வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். விழுந்து எழுந்தால் சரி. எழவில்லை என்றால் எடை போதவில்லை, இன்னும் கொஞ்சம் மணலும் மெழுகும் போடுங்கள். ஆனால் பாதிக்கு மேல் நிரப்பிவிடாதீர்கள். எடை முழுக்க அடியில் இருக்கும்போதுதான் சாய்த்ததும் அந்த எடை மேலே தூக்கப்படும். அது கீழே இறங்கப் பார்க்கும், அதனால் பொம்மை நிமிரும். எடை மேலே ஏறிவிட்டால் இந்த இழுவை இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இங்கே ஈர்ப்பு மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். சின்னதுகளிடம் "அடியில கனமா இருக்கு, அதான்" என்றால் போதும்.

அப்புறம் பசை. இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிட்டிகை உப்புப் போட்டு, சிறு தீயில் கூழ் பதம் வரும் வரை கிளறி ஆற வையுங்கள். செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துப் பசையில் தோய்த்து ஓட்டைச் சுற்றி ஒட்டுங்கள். துளையையும் அப்படியே மூடிவிடுங்கள். செய்தித்தாளில் ஒரு சுற்று, வெள்ளைத்தாளில் ஒரு சுற்று, அவ்வளவுதான். வெள்ளைத்தாள் மேலே இருந்தால் வண்ணம் நன்றாகப் பிடிக்கும். அடிப்பாகத்தில் சுருக்கம் விழாமல் தடவிவிடுங்கள்; அங்கே மேடு இருந்தால் ஆட்டம் கெடும். தலைப்பக்கம் தாளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், காரணம்தான் தெரியுமே. ஒரு முழு நாள் காயட்டும்.

வண்ணம் அவரவர் இஷ்டம். வழக்கப்படி உடல் சிவப்பு, முகத்துக்கு வெளிர் நிறத்தில் ஒரு வட்டம், தங்க நிறத்தில் கோடுகள். என் மகள் நெற்றியில் குங்குமப் பொட்டும் திருநீறும் வைத்துவிட்டாள். எதிர்வீட்டு அமா (பர்மிய மொழியில் அக்காவை அப்படித்தான் அழைப்போம்) அதைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். ஒரே ஒரு எச்சரிக்கை: திஞ்சான் நாட்களில் பொம்மையை வாசலுக்கு எடுத்துப் போக விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் பட்டால் மைதாப் பசை கரைந்து, இரண்டு நாள் வேலை கூழாகிவிடும்.

மிதக்கும் கொழுக்கட்டை

இதன் பெயர் மொன்லோன்யேபோ. மொன் என்றால் பலகாரம், லோன் உருண்டை, யே தண்ணீர், போ மிதப்பது. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. திஞ்சான் வந்தால் தெருமுனையில் பெரிய அண்டா வைத்து, ஊரே கூடி உருட்டி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இப்படிக் கொடுப்பதற்குச் சத்துதித்தா என்று பெயர். நான்கு திசையிலிருந்து வருகிறவர்களுக்கும் என்று பொருள். நம் அன்னதானம்தான்.

சுமார் 40 உருண்டைக்கு:
பசை அரிசி மாவு 300 கிராம்
சாதாரண அரிசி மாவு 50 கிராம்
கருப்பட்டி 120 கிராம்
துருவிய தேங்காய் ஒரு மூடி
உப்பு ஒரு சிட்டிகை

மாவு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நான் முதல் வருடம் வீட்டில் இருந்த கொழுக்கட்டை மாவிலேயே செய்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் அத்தனையும் வெடித்து, கருப்பட்டி கரைந்து, அண்டா முழுக்கப் பழுப்பு நிறக் கஞ்சி. அதையும் பாயசம் என்று சொல்லிப் பரிமாறினேன், அது வேறு கதை. பசை அரிசிதான் இழுபட்டு நிற்கும், வெடிக்காது. இங்கே அதற்குக் கௌஹ்ன்யின் என்று பெயர். செட்டிநாட்டில் கவுனி அரிசி என்கிறார்களே, அந்தப் பெயர் இங்கிருந்து போனதுதான் என்பார்கள். தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் கறுப்புக் கவுனியை அரைக்க வேண்டாம், வெள்ளைப் பசை அரிசி மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. சாதாரண அரிசி மாவு கொஞ்சம் சேர்ப்பது பல்லில் ஒட்டாமல் இருக்கத்தான்.

கருப்பட்டியைத் துருவாதீர்கள். கொண்டைக்கடலை அளவுக்குச் சின்னத் துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். துருவினால் ஈரம் கோத்து மாவு வழியே கசியும். துண்டாக இருந்தால் உள்ளேயே உருகிப் பாகாகி நிற்கும், கடிக்கும்போது வாயில் பாயும். இந்தப் பலகாரத்தின் சுகமே அதுதான். பகான் பக்கம் பனங்காடுகளிலிருந்து வருகிற உருண்டைக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். வெல்லம் போட்டால் வாசனை பாதிதான்.

மாவு இரண்டையும் உப்போடு கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மொத்தம் 250 மில்லிக்குப் பக்கத்தில் பிடிக்கும், மாவைப் பொறுத்துக் கூடும் குறையும். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்த மென்மை வேண்டும். உருட்டும்போது விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் அதிகம். ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள்.

இப்போது பிள்ளைகளைக் கூப்பிடலாம். சின்ன நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து, உள்ளங்கையில் தட்டி, நடுவில் கருப்பட்டித் துண்டை வைத்து மூடி உருட்டச் சொல்லுங்கள். விரிசல் இல்லாமல் மூட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. கோணல்மாணலாக இருந்தாலும் வெந்துவிடும். என் மாமியார் ஒவ்வொன்றையும் வாங்கித் திருத்தி உருட்டுவார். அப்படிச் செய்தால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு உருண்டைகளை விடுங்கள். அடியில் ஒட்டாமல் இருக்க ஒரே ஒரு முறை கரண்டியால் லேசாகக் கிளறினால் போதும். மூன்று நான்கு நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். வந்த உடனே எடுக்காமல் இன்னும் ஒரு நிமிடம் விட்டு, கண்கரண்டியால் அள்ளிக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. தண்ணீரை வடித்துத் தட்டில் வைத்து மேலே தேங்காய்ப்பூவைத் தூவினால் முடிந்தது.

கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பொறுங்கள். வெளியே குளிர்ந்திருக்கும், உள்ளே இருக்கும் பாகு நாக்கைச் சுட்டுவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழு உருண்டை வேண்டாம். பசை அரிசி தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

ஒரு குறும்பும் உண்டு. ஒன்றிரண்டு உருண்டையில் கருப்பட்டிக்குப் பதிலாக ஊசிமிளகாய் வைத்து, மற்றதோடு கலந்துவிடுவார்கள். யாருக்கு வருகிறதோ அவர் பாடு திண்டாட்டம், சுற்றி இருக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். குட்டிப் பிள்ளைகளின் தட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எது மிளகாய் என்று உங்களுக்கு மட்டும் தெரியும்படி அதன் தலையில் சின்னதாக ஒரு கிள்ளல் வைத்துவிடுங்கள். வெந்தால் அந்த அடையாளம் மறைந்துபோகிறது என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. இரண்டு டம்ளர் மோர் குடித்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. இந்த வருடம் மிளகாய் உருண்டையைக் கொஞ்சம் பெரிதாக உருட்டப் போகிறேன்.

மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். வெளியிலேயே மூடி வைத்து, அன்று மாலைக்குள் ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். தேங்காயை மட்டும் அப்போதைக்கு அப்போது துருவிக்கொள்ளுங்கள், இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்தில் ஊசிப்போகிறது.